வாக்கர் என்னும் ஆங்கிலக் குடும்பப்பெயர்: பிறப்பு, பரவல், எண்ணிக்கை பற்றிய ஆய்வுகள் - ஒரு திறனாய்வு

1. முன்னுரை

குடும்பப்பெயர்களை ஆராயும் நூல்கள் மூன்று வினாக்களுக்கு விடை காண முற்படுகின்றன. பெயர் எச்சொல்லிலிருந்து பிறந்தது? எந்த வட்டாரத்தில் எக்காலத்தில் நிலைபெற்றது? இன்று எத்தனை பேர் அதனைத் தாங்கியுள்ளனர்? இம்மூன்றும் வெவ்வேறு வகையான சான்றுகளை வேண்டுபவை. முதலாவது சொற்பிறப்பியலையும், இரண்டாவது கிளைமொழி வரலாற்றையும், மூன்றாவது மக்கள்தொகைக் கணக்கையும் சார்ந்தது. ஒன்றற்குரிய சான்றை மற்றொன்றற்கு விடையாகக் கொள்வது இத்துறையில் நெடுங்காலமாக இருந்துவரும் குறைபாடாகும். ஆங்கிலேயரிடையே பெருவழக்கினதாகிய வாக்கர் என்னும் பெயரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்குறைபாட்டை விளக்குவதும், அதனால் மொழிபெயர்ப்பாளருக்கு நேரும் இடர்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. சொற்பிறப்பு

இன்றைய ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு வாக்கர் என்பது 'நடப்பவர்' என்றே பொருள்படும். ஆயின் பெயரின் பிறப்பு அதுவன்று. பழைய ஆங்கிலத்தில் 'வெயல்கன்' என்னும் வினை உருட்டுதல், புரட்டுதல் என்னும் பொருள்களில் வழங்கியது. அதன் வழிவந்த 'வெயல்கரெ' என்னும் பெயர்ச்சொல் 'ஃபுல்லோ' என்னும் இலத்தீன் தொழிற்பெயருக்கு நிகராகச் சொற்பட்டியல்களில் காணப்படுகிறது. நடத்தல் என்னும் பொருள் அவ்வினைக்கு இடைக்கால ஆங்கிலத்திலேயே நிலைபெற்றது. இனமொழியாகிய ஜெர்மனில் 'வால்கன்' என்னும் வினை இன்றும் துணியை அடித்துப் பிசைந்து திண்மைப்படுத்துவதைக் குறிக்கின்றது.

தொழிலின் தன்மையை அறிந்தாலன்றிப் பெயரின் பொருள் விளங்காது. தறியிலிருந்து இறக்கப்பட்ட கம்பளித் துணி நெகிழ்வாகவும் எண்ணெய்ப் பசையுடனும் இருக்கும். அதனைத் தொட்டியிலிட்டு, புளித்த சிறுநீரோ எண்ணெயை உறிஞ்சும் களிமண்ணோ கலந்த நீரில் நெடுநேரம் காலால் மிதிப்பர். கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்க, துணி அடர்த்தி பெறும். இது வெளுத்தல் அன்று. நெய்த துணியைப் பயன்பாட்டுக்குரிய துணியாக்கும் இறுதிநிலைத் தொழிலாகும். பருத்தித் துணிக்கு இத்தொழில் வேண்டப்படுவதில்லை. ஆகவே பருத்தி நெசவே மேலோங்கிய தமிழகத்தில் இதற்கெனப் பொதுவழக்குச் சொல் ஒன்று உருவாகாமை இயல்பே.

இத்தொழிலைச் செய்தோரை இங்கிலாந்து முழுவதும் ஒரே சொல்லால் அழைக்கவில்லை. தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் 'ஃபுல்லர்', தென்மேற்கில் 'டக்கர்', வடக்கிலும் மேற்கு நடுநாட்டிலும் 'வாக்கர்' என மூன்று சொற்கள் வழங்கின. முதலாவது இலத்தீனிலிருந்து பழைய ஆங்கிலம் ஏற்ற கடன்சொல். பின்னர்ப் பிரெஞ்சு வழக்கால் வலுப்பெற்றது. இரண்டாவது வருத்துதல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. விக்ளிஃப் மரபினர் மொழிபெயர்த்த விவிலியத்தின் முற்பட்ட வடிவத்தில் மாற்கு 9:3 இல் ஃபுல்லர், வாக்கர் ஆகிய இரு சொற்களும் அடுத்தடுத்து நிறுத்தப்பட்டுள்ளன. ஒரு வட்டாரச் சொல் மற்றொரு வட்டாரத்தார்க்கு விளங்காது என்னும் உணர்வை அம்மொழிபெயர்ப்பாளர் பெற்றிருந்தமை இதனாற் புலனாகும்.

3. பரவலும் சான்றுகளின் இயல்பும்

குஸ்தாவ் ஃபிரான்சன் 1935 இல் வெளியிட்ட இடைக்கால ஆங்கிலத் தொழிற்பெயர்கள் பற்றிய நூல், 1100 முதல் 1350 வரையுள்ள ஆவணங்களைக் கொண்டு இத்தகைய பெயர்களின் வட்டாரப் பரவலை ஆராய்ந்தது. குடும்பப்பெயர்களைக் கிளைமொழிச் சான்றாகக் கொள்ளலாம் என்பதை நிலைநாட்டியவற்றுள் இந்நூல் குறிப்பிடத்தக்கது. இலக்கிய நூல்கள் எழுந்திராத வட்டாரங்களிலும் வரிப்பட்டியல்கள் உண்டு. அவற்றில் பெயர்கள் உண்டு. பெயர்களில் அவ்வட்டாரச் சொற்கள் உண்டு. இம்முறையியலின் வலிமை இதுவே.

இதன் வரம்பும் இங்கேயே உள்ளது. இடைக்கால எழுத்தர்கள் ஆவணங்களைப் பெரும்பாலும் இலத்தீனில் எழுதினர். ஊரார் வாக்கர் என்றழைத்தவனையும் டக்கர் என்றழைத்தவனையும் எழுத்தர் 'ஃபுல்லோ' என ஒரே சொல்லால் பதிந்தார். அவ்விடங்களில் வட்டார வேறுபாடு மறைந்துவிடுகிறது. அதாவது, நம் கைக்கு வந்துள்ள சான்றுகளில் ஒரு பகுதி மூலமன்று, மொழிபெயர்ப்பு. இலத்தீன் வடிவத்தையும் நாட்டுமொழி வடிவத்தையும் ஒரே நிரலில் அடுக்கிக் காட்டும் அகராதிகள் இவ்வேறுபாட்டை வாசகருக்கு உணர்த்தத் தவறுகின்றன.

ஸ்காட்லாந்தில் இதனின் வேறான ஒரு நிலையைக் காண்கிறோம். அங்குக் கேலிக் மொழியில் 'துணி மிதிப்பவனின் மகன்' எனப் பொருள்படும் 'மாக் அன் ஊக்கதர்' என்னும் பெயருடைய குடும்பங்கள் ஆங்கிலத்திற்கு மாறியபோது, பொருளை மொழிபெயர்த்து வாக்கர் என்னும் பெயரைக் கொண்டன. ஜார்ஜ் பிளாக்கின் ஸ்காட்லாந்துக் குடும்பப்பெயர் நூல் (1946) இத்தகைய மாற்றங்களைத் தொகுத்துரைக்கிறது. இவர்களுடைய பெயர் ஆங்கிலப் பெயர். மரபோ கேலிக் மரபு. நியூகாசில் அருகே உரோமர் மதிலையொட்டிய சதுப்பு நிலத்தாற் பெயர்பெற்ற வாக்கர் என்னும் ஊரும் உண்டு. அவ்வூர்ப்பெயரின் வழிப் பெயர்பெற்றோர்க்கும் துணித் தொழிலுக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர் சிலர் தம் மொழியிலுள்ள இனச்சொல்லையே பெயராகக் கொண்டு வந்தனர். ஒரே எழுத்துக்கோவையின்கீழ்ப் பல பிறப்புகள் ஒடுங்கியுள்ளன என்பது இதனால் விளங்கும்.

பெயர் நிலைபெற்ற காலத்தையும் கருதுதல் வேண்டும். 1941 இல் வெளிவந்த கட்டுரையொன்றில் காரஸ்-வில்சன் என்னும் பொருளியல் வரலாற்றறிஞர், நீராற்றலால் இயங்கும் மரச்சம்மட்டி ஆலைகள் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதிமுதல் இங்கிலாந்தில் பரவியமையை எடுத்துக்காட்டினார். 1185 ஆம் ஆண்டு டெம்ப்ளர் அமைப்பினரின் நிலக்கணக்கிலேயே இத்தகைய ஆலைகள் இடம்பெறுகின்றன. வடக்கில் இவ்வாலையையும் 'வாக்மில்' என்றே அழைத்தனர். குடும்பப்பெயர்கள் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லத் தொடங்கிய பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில், வாக்கர் எனப் பெயர் பெற்ற பலர் காலால் மிதித்தவரல்லர், ஆலையை நடத்தியவரே. 1379 ஆம் ஆண்டின் மேற்கு யார்க்‌ஷயர்த் தலைவரிப் பட்டியல்கள் பெயரோடு தொழிலையும் பல இடங்களில் குறிப்பதால், தொழிற்பெயர் ஒன்றாகவும் செய்தொழில் வேறாகவும் இருப்போரை அவற்றிற் காணலாம். பெயர் அக்காலத்திலேயே தொழிலை விட்டு விலகத் தொடங்கியிருந்தது.

4. எண்ணிக்கை பற்றிய நூல்கள்

இங்கிலாந்து-வேல்சுப் பதிவாளர் தலைவரின் 1853 ஆம் ஆண்டு அறிக்கை, பெருவழக்குப் பெயர்கள் ஐம்பதனைப் பட்டியலிட்டது. அதில் ஸ்மித் 2,53,600 பேருடன் முதலிடத்திலும் வாக்கர் 59,300 பேருடன் பதினெட்டாம் இடத்திலும் உள்ளன. இவை பதிவேடுகளின் அகரவரிசைகளைக் கொண்டு மதிப்பிடப்பட்டவை. தலையெண்ணிக் கண்டவை அல்ல. ஃபுல்லரும் டக்கரும் இப்பட்டியலில் இடம்பெறவில்லை.

1890 இல் ஹென்றி கப்பி என்பார் பிரித்தானியக் குடும்பப்பெயர்களின் இருப்பிடங்கள் பற்றி நூல் வெளியிட்டார். நிலத்தை விட்டுப் பெயராதவர் உழவரே என்பது அவர் கொள்கை. ஆகவே முகவரி நூல்களிலிருந்து உழவர் பெயர்களை மட்டும் திரட்டி, மாவட்டந்தோறும் பத்தாயிரத்துக்கு இத்தனை என விகிதம் கணக்கிட்டார். பெயர்களின் பழைய தாயகத்தைக் காண்பதற்கு இது கூர்மையான வழியே. ஆனால் நெசவு நகரங்களின் மக்களை முழுதும் ஒதுக்கிய கணக்கு, துணித் தொழிலால் பிறந்த ஒரு பெயரின் பரவலை அளக்கும் கருவியாகாது. கப்பியின் விகிதங்களை மொத்த மக்கட்கும் உரியனபோல் எடுத்தாள்வது பிழையாகும்.

ரீனி 1958 இல் வெளியிட்ட அகராதி தொன்மைச் சான்றுகளை ஆண்டோடும் இடத்தோடும் தந்து சொற்பிறப்பியலை உறுதியான தளத்தில் நிறுத்தியது. ஆனால் அதில் எண்ணிக்கைக்கு இடமில்லை. ஓர் ஊரில் ஒருமுறை பதிவான பெயர் அங்கேயே அழிந்ததா, இன்றுள்ளோரின் மூதாதையாயிற்றா என்பதை அதனைக் கொண்டு அறியவியலாது. இக்குறையை நீக்க எழுந்ததே ஹேங்க்ஸ், கோட்ஸ், மெக்ளூர் ஆகியோர் பதிப்பித்து 2016 இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட நான்கு தொகுதி அகராதி. நாற்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களுக்கு 1881 ஆம் ஆண்டுக் கணக்கையும் அண்மைக் காலக் கணக்கையும் அது சேர்த்துத் தருகிறது. சொற்பிறப்பையும் பரவலையும் ஒன்றையொன்று சோதிக்கச் செய்தமை இதன் பெருஞ்சிறப்பு.

எனினும் ஒரு சிக்கல் எஞ்சி நிற்கிறது. பதிவின் தலைப்பில் பெயருக்கு ஒரே எண்ணிக்கை. அதன்கீழ்ப் பிறப்புகளோ பல. எந்தப் பிறப்புக்கு எத்தனை பேர் என்பதைப் பகுத்துக் காண இயலாது. வாசகர் முதலாவதாகக் கூறப்பட்ட பிறப்புக்கே மொத்த எண்ணிக்கையையும் உரிமையாக்கிவிடுகிறார். இது தொகுப்பாளர் குற்றமன்று. பெருவழக்குப் பெயர்களின் இயல்பு. லெஸ்டர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிங், ஜாப்லிங் ஆகியோர் 2009 இல் நாற்பது பெயர்களைத் தாங்கிய 1,678 ஆடவரின் மரபணுக்களை ஆராய்ந்தனர். அரிய பெயரினர் பெரும்பாலும் சில மூதாதையரிடம் சென்று சேர்ந்தனர். ஸ்மித் போன்ற பெயரினரோ பொதுமக்களைப் போன்றே சிதறி நின்றனர். அகராதிப் பதிவு இவ்வேறுபாட்டை வெளிப்படையாகக் கூறுதல் நலம்.

5. எண்ணிக்கை எதனைக் காட்டுகிறது?

வாக்கர் மிகுதியாகவும் ஃபுல்லர், டக்கர் குறைவாகவும் இருப்பதைக் கொண்டு, வடக்கில் இத்தொழிலாளர் மிகுதியாக இருந்தனர் எனக் கூறுவது எளிது. ஆனால் இடையில் அறுநூறு ஆண்டுகள் உள்ளன. ஆண்வழி அறுந்து பெயர்கள் மறைவதை கால்டனும் வாட்சனும் 1874 இல் கணித முறையில் காட்டினர். எஞ்சிய பெயர்கள் தற்செயலாகப் பெருகுவதும் உண்டு. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் லங்காஷயரும் மேற்கு யார்க்‌ஷயரும் தொழில் வளர்ச்சியால் மக்கள்தொகை பெருகிய வட்டாரங்கள். வடக்கிற்குரிய பெயர் எதுவாயினும் அவ்வளர்ச்சியிற் பங்கு பெற்றிருக்கும். கேலிக் குடும்பங்களின் வரவும் இதனோடு சேர்ந்தது. ஆகவே இன்றைய எண்ணிக்கை, பதினான்காம் நூற்றாண்டின் தொழிலைவிடப் பின்வந்த மக்கள்தொகை வரலாற்றையே மிகுதியும் காட்டுகிறது.

அமெரிக்கக் கணக்கு இதனை மேலும் தெளிவாக்கும். 2000 ஆம் ஆண்டில் அங்கு வாக்கர் என்னும் பெயரினர் 5,01,307 பேர், இடம் 28. 2010 இல் 5,23,129 பேர், இடம் 31. எண்ணிக்கை ஏறத்தாழ 4.4 விழுக்காடு கூடியும் வரிசையில் இறங்கக் காரணம், பெரெஸ், சான்செஸ், ராமிரெஸ் ஆகிய ஸ்பானியப் பெயர்கள் முந்தியமையே. இப்பெயரினருள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பின மக்கள். அடிமை முறையும் அதன் பின்வந்த பெயர் ஏற்பும் அவர்களுக்கு அளித்த பெயர் இது. தொழிலதிபர் மேடம் சி. ஜே. வாக்கர் (1867–1919) இப்பெயரைத் திருமணத்தாற் பெற்றவர். பிறந்தபோது அவர் சாரா பிரீட்லவ். இவர்களுக்கு 'துணி மிதித்தோர் வழியினர்' என விளக்கம் தருவது சொல்லின் வரலாற்றை மாந்தரின் வரலாறாகத் திரித்தலாகும்.

6. மொழிபெயர்ப்பாளர் நோக்கில்

மாற்கு 9:3 இல் வரும் கிரேக்கச் சொல்லைத் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளில் பெருவழக்கினதாகிய மொழிபெயர்ப்பு 'வண்ணான்' என்றது. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'சலவைக்காரர்' என்றது. அவ்விடத்தில் வேண்டப்படுவது ஆடையின் வெண்மை. ஆகவே தொழில் சற்று வேறுபடினும் கருத்து நிறைவுறுகிறது. பின்னைய மொழிபெயர்ப்பு பிறப்பைச் சுட்டும் சொல்லைத் தவிர்த்துத் தொழிலைச் சுட்டும் சொல்லைக் கொண்டமை கருதத்தக்கது.

ஆங்கிலப் பெயருக்கு அடிக்குறிப்பு எழுதும்போது இச்சொற்கள் எதுவும் பொருந்தா. முதலாவதாக, தொழில் வேறு. இரண்டாவதாக, சமூக நிலை வேறு. இங்கிலாந்தில் வாக்கரின் மகன் தச்சனாகலாம்; பெயர் நின்றது, தொழில் நீங்கியது. தமிழ்ச் சூழலில் அத்தகைய தொழிற்சொல், பிறப்பால் அமைந்த ஒரு மக்கட் குழுவின் பெயர். தொழிலை விட்டவரையும் அது விடுவதில்லை. சாதிப்பெயரால் ஆங்கிலக் குடும்பப்பெயரை விளக்கும் மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் இல்லாத ஒரு சமூக அமைப்பை வாசகர் மனத்தில் எழுப்பிவிடுகிறார். மறுதலையாக, தமிழ்ச் சாதிப்பெயரை ஆங்கிலக் குடும்பப்பெயர்போல் வெறும் தொழிற்பெயராக விளக்குவோர், உள்ள அமைப்பை மறைத்துவிடுகின்றனர். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படுவன வருமாறு: குடும்பப்பெயர் அகராதிகள் சொல்லின் பிறப்பையும் குடும்பங்களின் பிறப்பையும் தனித்தனியே கூற வேண்டும். இலத்தீன் வடிவச் சான்றுகளை நாட்டுமொழிச் சான்றுகளினின்று பிரித்துக் காட்ட வேண்டும். எண்ணிக்கை தரும்போது அது எவரை எண்ணியது, எவரை விட்டது என்பதை உடன்கூற வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பெயரை ஒலிபெயர்த்தலே பொதுவிதி. கதையோ நாடகமோ பெயரின் பொருளை வைத்துச் சொல்லாடும் இடங்களில் மட்டும் விளக்கம் தேவை. அங்கும் 'கம்பளித் துணியை மிதித்துத் திண்மையாக்கும் தொழில் செய்தோர்' எனத் தொழிலை விரித்துரைப்பதே தக்கது. ஒற்றைச் சொல் நிகரன் சுருக்கமானதாயினும், அது ஈட்டும் சுருக்கத்தைவிட இழக்கும் உண்மை பெரிது.