கரிப் பள்ளத்தாக்கும் கரையேறும் கனவும்

ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளைப் பற்றி எத்தகைய கனவு காண்கிறது என்பதைக் கொண்டே அதன் உள்ளத்தை அளந்துவிடலாம். தென் வேல்ஸ் நாட்டு நிலக்கரிப் பள்ளத்தாக்குகளைக் களமாகக் கொண்டெழுந்த புதினங்களைக் கற்கும்போது இவ்வுண்மை நமக்கு நன்கு புலனாகிறது. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது ரிச்சர்டு லூவெலின் 1939இல் வெளியிட்ட 'ஹௌ கிரீன் வாஸ் மை வேலி'. என் பள்ளத்தாக்கு எத்துணைப் பசுமையாய் இருந்தது என்பது அத்தலைப்பின் பொருள். ஜான் ஃபோர்டு 1941இல் அதனைத் திரைப்படமாக்கினார். அதன்பின் வேல்ஸ் என்றதும் பலருடைய நினைவுக்கு வருவது அக்கதையின் மார்கன் குடும்பமே.

இல்லறச் சித்திரிப்பில் லூவெலின் வல்லவர். சுரங்கத்திலிருந்து திரும்பும் தந்தையும் மைந்தரும் கூலியைத் தாயின் மடியில் இடுகின்றனர். கரி படிந்த உடலைக் கழுவி ஒருங்கே உணவுக்கு அமர்கின்றனர். உழைப்பின் கண்ணியமும் பெற்றோர்பால் கொண்ட மதிப்பும் இக்காட்சிகளில் ஒளிர்கின்றன. குடும்பமாய் வாழும் எவருக்கும் இவை அன்னியமாகத் தோன்றா.

ஆயின், உயர வேண்டும் என்னும் ஆவலை அவர் எவ்வாறு காட்டுகிறார்? இளையவன் ஹியூ பள்ளிக்குச் செல்கிறான். அங்கே தாய்மொழி பேசிய குற்றத்துக்காக ஒரு சிறுமியின் கழுத்தில் பலகை தொங்குகிறது. மகன் கற்று மேனிலை அடைய வேண்டும் எனத் தந்தை விழைகிறார். மகனோ சுரங்கத்தையே தேர்கிறான். மகள் ஆங்காரட் சுரங்க உடைமையாளரின் மகனை மணந்து மாளிகை புகுகிறாள். மனநிறைவு மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை. கல்வி, திருமணம் என்னும் இரு ஏணிகளும் இழப்பிலேயே கொண்டுபோய் விடுகின்றன.

நம் குறை இதுதான்: அப்பள்ளத்தாக்குகளில் மூன்றாவது ஏணி ஒன்றும் இருந்தது. தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறு தொகை ஈந்து மன்றங்களையும் நூலகங்களையும் எழுப்பினர். டிரெடீகரில் அவ்வாறே மருத்துவ உதவிச் சங்கமும் நடத்தினர். 13 வயதில் சுரங்கம் புகுந்த அனைரின் பெவன் அவ்வூரினர். அங்குள்ள தொழிலாளர் நூலகத்தில் பயின்றவர். அமைச்சராகி 1948இல் நாடு முழுமைக்கும் தேசிய மருத்துவப் பணியை அவர் நிறுவியபோது, ஊரார் கண்ட கனவு நாட்டின் உடைமையாயிற்று. தாம் மட்டும் கரையேறாமல் ஊரையும் உடன் ஏற்றும் இவ்வாவலுக்கு லூவெலினின் ஏட்டில் உரிய இடமில்லை.

அவ்விடத்தை நிரப்பியவர் ரோண்டாவின் சுரங்கத் தொழிலாளியான லூயிஸ் ஜோன்ஸ். 1937இல் வெளிவந்த அவருடைய 'கூமார்டி' புதினத்தில் லென் ராபர்ட்ஸ் என்னும் இளைஞன் தன் ஊராரோடு சேர்ந்தே வளர்கிறான். அந்நடையில் நயம் குறைவு. மாந்தர் சிலவிடங்களில் மேடைப் பேச்சாளராகிவிடுகின்றனர். எனினும், வாழ்வு ஏன் அவ்வாறு இருந்தது என்று அந்நூல் வினவுகிறது. அவ்வினாவே அதன் வலிமை.

லூவெலினின் கதையில் கரிக்கழிவு மேடு வளர்ந்து வீட்டை நெருக்குகிறது. 1966 அக்டோபரில் அபர்ஃபான் என்னும் ஊரில் அத்தகைய மேடு மெய்யாகவே சரிந்து பள்ளியை மூடியது. மாண்டோர் 144 பேர்; அவருள் 116 பேர் குழந்தைகள். சுரங்கங்கள் அப்போது அரசுடைமையாகிவிட்டிருந்தன. தேசிய நிலக்கரி வாரியமே பொறுப்பு என்று 1967இல் விசாரணை மன்றம் அறிவித்தது. அந்த மேட்டைக் கண்டு நெஞ்சுருகக் கற்பித்தது லூவெலினின் கலை. அதைக் குவித்தவர் யார், தடுக்கத் தவறியவர் யார் எனக் கேட்கும் துணிவு ஜோன்ஸின் வழியில் உண்டு. இழந்த பசுமையை எண்ணிக் கண்ணீர் சொரிவது இலக்கியத்தின் பாதிப் பணியே. ஆதலின் இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துக் கற்பதே முறையெனக் கருதுகிறோம்.