எருசலேம் வழிநடைச் சுவடிகள்

மத்திய காலத்துக் கிறிஸ்தவ யாத்திரிகர் எழுதிவைத்த பிரயாண நூல்களை வரிசையாக வாசித்து வருபவருக்கு முதலில் சற்றே சலிப்புத் தட்டுவது இயற்கை. வேதத்திற் படித்ததைக் கண்ணாலும் கண்டோம் என்று சாட்சி பகர்வதே அவர்கள் மேற்கொண்ட காரியமாதலால், ஒருவர் வணங்கிய கல்லையே அடுத்தவரும் வணங்கி, அவர் சொன்ன சொற்களையே தாமும் சொல்லிச் செல்கிறார். ஆயினும், பிறந்த மண்ணும் வளர்ந்த சபையும் அவர்களை அறியாமலே வெளிப்படுகின்ற இடங்களிலேதான் இவ்விலக்கியத்தின் ஜீவன் குடிகொண்டிருக்கிறது என்பது என் துணிபு.

இத்துறைக்கு முன்னோடி, 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புண்ணிய பூமியைச் சுற்றிவந்த எகேரியா என்னும் மாதரசி தம் சகோதரிகளுக்கு எழுதிய லத்தீன் மடல். முதலும் முடிவும் இழந்த அதன் பிரதி 1884இல் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரிற் கிடைத்தது. எருசலேமில் ஆயர் கிரேக்கத்திலேயே போதிக்க, அம்மொழி அறியாத ஜனங்களுக்காக அருகில் நின்ற குரு ஒருவர் அதைச் சிரியாக்கிற் சொன்னார் என்று அவர் குறித்திருப்பது, எத்தனையோ ஸ்தல வர்ணனைகளைவிட அரிய செய்தி.

சிலுவைப் போர் வீரர் எருசலேமைக் கைப்பற்றிச் சில ஆண்டுகளே சென்றிருந்த 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்த ருஷிய மடாதிபதி டானியேலை நான் தனிப்பட நேசிக்கிறேன். யோர்தான் நதியைக் கண்டதும், தம் தேசத்து ஸ்னோவ் ஆறு அவர் நினைவுக்கு வருகிறது. அதைப்போலவே இதுவும் வளைந்து ஓடுகிறதென்று எழுதுகிறார். பெரிய வெள்ளியன்று எருசலேம் மன்னர் பால்ட்வினிடம் சென்று, ருஷிய பூமி முழுவதற்குமாகக் கிறிஸ்துவின் கல்லறையில் ஒரு விளக்கு வைக்க அனுமதி வேண்டி, பெரிய கண்ணாடி விளக்கொன்று வாங்கிச் சுத்தமான எண்ணெய் நிரப்பித் தம் கையாலேயே வைக்கிறார். மறுநாள், வானிலிருந்து அற்புதமாய் வருவதென்று நம்பப்பட்ட பரிசுத்த அக்கினி அங்கே இறங்கியபோது தம் விளக்கு எரிந்ததென்றும், லத்தீன் சபையார் மேலே தொங்கவிட்டவை எரியவில்லையென்றும் அவர் எழுதுகையில், லத்தீன், கிரேக்கச் சபைகளிடையே மூண்டிருந்த பிணக்கு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திலே தெரிந்துவிடுகிறது.

எதிர்த் திசையிலிருந்து வந்தவர் ஒருவரும் உண்டு. சீன தேசத்துக் கான்பாலிக் நகரில், கிழக்குச் சிரியச் சபைத் துறவியாயிருந்த ரப்பான் சௌமா எருசலேமை நாடிப் புறப்பட்டார். வழிநெடுகக் கலகமாதலால் அங்கே சேரவில்லை. பின்னர் மங்கோலிய அரசர் அர்கூனின் தூதராக 1287இல் ஐரோப்பா சென்று, நேப்பிள்ஸ் நகரில் மாளிகைக் கூரை மேலிருந்து ஒரு கடற்போரைப் பார்த்தார். போரிடுவோரைத் தவிர வேறெவரையும் பிராங்கியராகிய மேலை ஐரோப்பியர் தாக்கவில்லையே என்று வியந்தார். ரோமாபுரியில் கர்தினால்மார் அவருடைய விசுவாசத்தைத் துருவிக் கேட்டபோது, தர்க்கம் புரிய வரவில்லை, புனிதர் சமாதிகளை வணங்கவே வந்தேன் என்று பதிலளித்தார். பாரசீக மொழியில் அவர் எழுதிய மூலம் அழிந்துபோக, அதைச் சுருக்கிச் சிரியாக்கில் தந்தவரின் பிரதியே எஞ்சியது. பல செய்திகளைத் தாம் விட்டுவிட்டதாக அவரே சொல்கிறார்; அந்தப் பக்கங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை உண்டாகிறது.