எல் அனாட்சுயியின் மூடிச் சிற்பங்கள்

எல் அனாட்சுயி (பிறப்பு: 1944) கானாவின் அன்யாகோ என்னும் ஊரில் பிறந்த சிற்பி. 1975 முதல் நைஜீரியாவின் இன்சுக்கா பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு சிற்பக்கலை ஆசிரியராக இருந்தார். மது பாட்டில்களின் அலுமினிய மூடிகளைச் செப்புக் கம்பியால் கோத்து அவர் செய்த சிற்பங்கள் பெரும்புகழ் பெற்றவை.

முதலில் மரத்திலும் சுடுமண்ணிலும் வேலை செய்தவர். 1990களின் இறுதியில் இன்சுக்கா அருகே ஒரு மூட்டை நிறைய மூடிகள் கிடைத்தன. மூடியைத் தட்டையாக்கினால் தகடு, கழுத்துப் பட்டையை வெட்டினால் நாடா, வளைத்தால் வளையம். ஓரங்களில் துளையிட்டு இணைத்தபோது துணிபோல மடியும் உலோகப் பரப்பு உருவாயிற்று. அவருடைய தந்தையும் சகோதரர்களும் கெண்டே ஆடை நெய்தவர்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள 'ஆணின் ஆடை', 'பெண்ணின் ஆடை' ஆகியவை இந்த முறையின் தொடக்ககாலப் படைப்புகள்.

கழிவுப் பொருளில் கைவினை செய்பவர்கள் பொதுவாக அதன்மேல் வண்ணம் பூசி, அது என்னவாக இருந்தது என்பதை மறைத்துவிடுவார்கள். அட்டைப்பெட்டி யானையாகும், பெட்டி மறைந்துவிடும். அனாட்சுயி மறைப்பதில்லை. அவர் சிற்பங்களின் நிறம் மூடியின் நிறமே. அருகில் சென்றால் மதுவகைகளின் பெயர்களைப் படிக்கலாம். ஐரோப்பிய வணிகர்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குக் கொண்டுவந்த பண்டமாற்றுப் பொருட்களில் மதுவும் ஒன்று. அதற்கு ஈடாகப் பெற்றவற்றில் மனிதர்களும் உண்டு. அடிமைகள் விளைவித்த கரும்பிலிருந்து ரம் வடிக்கப்பட்டது. இந்த வரலாற்றை மூடியே சொல்கிறது.

சிக்கலும் இங்குதான். பத்தடி தள்ளி நின்றால் பொன்னும் சிவப்புமான பட்டுத்திரை மட்டுமே தெரிகிறது. 2007-ல் வெனிஸ் இந்தப் பளபளப்பில் மயங்கியது. ஃபார்ச்சூனி மாளிகையின் முகப்பையே அவர் படைப்பு ஒன்று மூடியது. அழகை வியந்தவர்களில் எத்தனை பேர் மூடியைப் படித்தார்கள்? அளவு பெரிதாகப் பெரிதாக எழுத்துகள் கண்ணுக்கு எட்டாமல் போகின்றன. அந்த வகையில் தொடக்ககாலச் சிறிய ஆடைகளே வலுவானவை. இத்தனை ஆயிரம் மூடிகளை மடித்துக் கோத்த இன்சுக்கா உதவியாளர்கள் பலர்; காட்சிக்கூடத்தின் பெயரட்டையில் இருப்பது ஒரே பெயர்.

எனினும் 2023-ல் லண்டன் டேட் மாடர்னில் தொங்கவிடப்பட்ட 'சிவப்பு நிலவுக்குப் பின்னால்' இந்தக் குறையைப் பெரிதும் கடந்தது. முதல் பகுதி காற்றில் புடைத்த கப்பற்பாய். பாய் என்றதுமே கடலும் கப்பலும் சரக்கும் நினைவுக்கு வந்துவிடும். எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை. அது தொங்கிய கூடமோ சர்க்கரை ஆலை முதலாளி ஹென்றி டேட்டின் பெயரைத் தாங்கியது.

இச்சிற்பங்களுக்கு நிலையான வடிவம் கிடையாது. மடித்துப் பெட்டியில் அனுப்புவார்கள். எங்கே மடிப்பு விழ வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அங்குள்ளவர்களே முடிவு செய்வார்கள். அதனால் ஒரே படைப்பு ஓரிடத்தில் மலைத்தொடராகவும் வேறோரிடத்தில் கிழிந்த போர்வையாகவும் தெரிகிறது.