கூடத்துக்குள் வராத வரலாறு

புதுக்கோட்டை சமஸ்தானம் 1910-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இன்று திருக்கோகர்ணத்தில் இயங்குகிறது. உள்ளூரில் இப்படி ஓர் இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதே சமஸ்தானத்தைச் சேர்ந்த கறுக்காக்குறிச்சியே சாட்சி. 1898-இல் அங்கே கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பல லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த சுமார் 350 பௌத்தப் படிமங்களும் பல ஊர்களுக்குச் சிதறின. வழிபட்ட மக்கள் மறைந்தபின் பொட்டலில் கிடந்த சமணத் தீர்த்தங்கரர் சிலைகளைச் சேர்த்துக் காத்தது புதுக்கோட்டை அருங்காட்சியகத்தின் பெரும் தொண்டு. அதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் இந்தச் சேகரிப்பு முறைக்கு ஓர் எல்லை இருக்கிறது. பெயர்த்து எடுக்கக்கூடியதும் உருவம் உடையதும் உரிமை கோர ஆளில்லாததுமே இதன் கைக்கு எளிதில் வருகிறது. சமணம் இந்த மூன்றுக்கும் பொருந்தியது, கூடத்தில் இடம்பெற்றது. இஸ்லாம் எதற்கும் பொருந்தவில்லை. திருமயம் சாலையில் காட்டுபாவா பள்ளிவாசலும், கடற்கரையில் கோட்டைப்பட்டினம் தர்காவும் இன்றும் மக்கள் கூடும் இடங்கள். அவற்றின் கலை கட்டடத்திலும் எழுத்திலும் ஆவணத்திலும் இருக்கிறது. சிலைகளைக் கொண்டே மாவட்டத்தின் சமய வரலாற்றை அறிய வருபவர், இங்கே சைவ, வைணவ, சமணங்கள் மட்டுமே வேரூன்றின என்று எண்ணித் திரும்ப நேரும். வாழும் சமயம் வாழ்வதாலேயே வரலாற்றுக் கூடத்தில் இடம் இழப்பது பெரிய அநீதி.

பள்ளிவாசலிலிருந்து எதையாவது பெயர்த்து வரச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். கூடவே கூடாது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டால் போதும் என்பாரும் உண்டு. அதுவும் முழுப் பாதுகாப்பு ஆகாது. 9-ஆம் நூற்றாண்டுச் சித்தன்னவாசல் ஓவியங்கள் தம் இடத்திலேயே இருந்தும் பெரும்பகுதி அழிந்துபோயின. அவற்றைப் பற்றி நாம் இன்று பேச முடிவதற்குப் பழைய பதிவுகளும் பெரிதும் உதவுகின்றன. ஆகவே வேண்டியது பதிவு. இதற்கு உள்ளூரிலேயே முன்மாதிரி உண்டு: கோயில் கல்வெட்டுகளைப் படியெடுத்து 1929-இல் நூலாக வெளியிட்டது இதே சமஸ்தானம்தான். அந்த உழைப்பை ஜமாஅத்தின் ஒப்புதலோடு பள்ளிவாசல், தர்காக்களுக்கும் நீட்டலாம். கட்டட அளவு வரைபடம், கல்லெழுத்துப் படி, பழைய ஆவணங்களின் நகல், பராமரிப்போர் சொல்லும் தகவல் ஆகியவை ஒரு தனி அறைக்குப் போதும். ஒவ்வொரு சிலையின் கீழும் அது கிடைத்த ஊரையும் இடத்தையும் எழுதி, மாவட்ட வரைபடத்தில் குறித்துவைத்தால், தீர்த்தங்கரர் இருந்த பொட்டலும் காட்டுபாவா பள்ளிவாசலும் ஒரே நிலத்தில் எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்று பள்ளிப் பிள்ளைகள் தாமே விரல்வைத்துப் பார்க்கலாம்.