கடலறிவும் சட்டமன்றமும்

அறிவியல் அறிக்கை ஒன்றை மதிப்பிடுவோர், அதில் உண்மை உள்ளதா என்று மட்டும் பார்த்தல் போதாது. யாருக்காக எழுதப்பட்டதோ அவர் உள்ளத்தில் அவ்வுண்மை தெளிவாகப் பதியுமா என்பதையும் பார்த்தல் வேண்டும். இவ்வகையில் ஆராயத்தக்கது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2012 நவம்பரில் வெளிவந்த, கடல் அமிலமாதல் பற்றிய அறிக்கை. ஆளுநர் கிறிஸ்டீன் கிரெக்வார் அமைத்த குழுவினர் அதனை ஆக்கினர்.

2005 முதல் 2009 வரை அக்கரையோரத்துச் சிப்பிப் பொரிப்பகங்களில் இளங்குஞ்சுகள் திரள்திரளாக மடிந்தன. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கடல் உறிஞ்சுவதும், அவ்வாயு மிகுந்த ஆழ்நீர் கரையோரம் மேலெழுவதும் காரணம் எனக் கண்டனர். வேதியியல் விரிவை ரிச்சர்டு ஃபீலி முதலிய அறிஞர் தனி நூலாக்கினர். ஆட்சியாளர்க்குரிய நூலில் 42 பரிந்துரைகள் இடம்பெற்றன. அவற்றுள் விரைந்து தொடங்க வேண்டியவை 18 எனவும் வகுத்தனர். படிப்போர் தரமறிந்து பகுத்த இம்முறை பாராட்டுக்குரியது. 2013இல் சட்டமன்றம் கடல்வள ஆலோசனைக் குழு ஒன்றை நிறுவியமை இதன் பயன் எனலாம்.

எனினும் குறையும் உண்டு. ‘அமிலமாதல்’ என்ற சொல்லே மயக்கந் தருவது. கடல்நீர் இன்றும் காரத்தன்மை உடையதே. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த பி.எச். எண், 8.1 அளவுக்கு இறங்கியுள்ளது. 7க்குக் கீழே சென்றாலன்றி நீர் அமிலமாகாது. இறக்கம் 0.1 என்றால் கேட்போர் அசட்டை செய்வர். அமிலத்தன்மை 25 விழுக்காட்டுக்கு மேல் கூடியது என்றால் திடுக்கிடுவர். பி.எச். மடக்கை அளவாதலின் இரண்டும் ஒரே உண்மையே. ஒன்றை மட்டும் காட்டுவது வழக்காடுவோர் முறை. இரண்டையும் காட்டி இணைப்பை விளக்குவதே ஆசிரியர் முறை. தமிழில் அறிவியல் கற்பிப்போரும் இதனைக் கருதல் நன்று.

மற்றொன்று, வருவாய்க் கணக்கு. சிப்பித் தொழிலால் ஆண்டுக்கு 27 கோடி டாலர், 3,200 பேருக்கு வேலை என்னும் கணக்கு உறுப்பினர் செவியில் எளிதில் ஏறும். ஆனால் பொரிப்பகத்தார் நீரைச் சோதித்து, சோடியம் கார்பனேட் கலந்து குஞ்சுகளைக் காக்கக் கற்றுக்கொண்டனர். வருவாய் ஒன்றே வாதமாயின், அத்துடன் இடர் தீர்ந்தது என்று மன்றம் இருந்துவிடும். திறந்த கடலுக்கு மருந்து கலப்பார் யார்? சால்மன் மீனுக்கு இரையாகும் சிறகு நத்தையின் மெல்லோடும் கரைகிறது. அதற்குச் சந்தையில் விலையில்லை.

கரிப்புகை உலகப் பொதுப் பிணி; ஒரு மாநிலச் சட்டத்தால் தீராது. எனினும் நிலத்துக் கழிவு கடலிற் சேர்வதைத் தடுத்தல் மாநிலத்தின் கைக்குள் உள்ளது. அறிக்கை இவ்விரண்டையும் கூறியிருப்பது அதன் நேர்மை. சிப்பியைக் காட்டி மன்றத்தை விழிக்கச் செய்தது அதன் திறம். சிப்பிக்கு அப்பாலுள்ள கடலையும் அம்மன்றம் காணுமாறு செய்வதே எஞ்சியுள்ள பணி.