நிழலின் நிறம்

கிருஷ்ணகிரி மாம்பழத்தை வண்ணப் பென்சிலில் வரைகிறவர்கள், நிழல் வந்ததும் கறுப்பைத் தேடுகிறார்கள். பழம் அழுகிப்போகிறது. மஞ்சளின் எதிர்நிறம் ஊதா. முதலில் ஊதாவை மெல்லிய கோடுகளாக இட்டு, அதன்மேல் மஞ்சளை ஏற்றினால் நிழலிலும் பழம் பழமாகவே இருக்கிறது.

மேலே படிந்தால் அடங்குகிற எதிர்நிறம், அருகில் நின்றால் தூண்டுகிறது. பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில், கறுப்புச் சாயம் வெளுத்திருப்பதாக வந்த புகாரை ஆராய்ந்த ரசாயனி ஷெவ்ரல், குறை சாயத்தில் அல்ல, பக்கத்து நிறங்களில் என்று கண்டார்; 1839இல் அதை நூலாக்கினார். ஓசூர் ரோஜாவைச் சிவக்கவைப்பது அதன் பச்சை இலை. மேலும் மேலும் சிவப்பைத் தேய்ப்பதல்ல.

துயரம் என்றதும் இருளைத் தேய்க்கிற நம் கவிதைகளிலும் நான் காணும் குறை இதுதான்.