வசனத்தில் இருக்கிறதா?

பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் போகும் பேருந்தில், திருமழிசை வருவதற்குச் சற்று முன்னால், ஒருவர் எல்லோர் மடியிலும் ஒரு கைப்பிரதியைப் போட்டுக்கொண்டே வந்தார். நான்காக மடித்த மஞ்சள் தாள். கிறிஸ்துமஸ், குழந்தை ஞானஸ்நானம், மாதா வணக்கம், உத்தரிக்கிற ஸ்தலம், திரித்துவம், ஐயர்மார் போடும் அங்கி என்று வரிசையாக அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: இது வேதத்தில் இருக்கிறதா? இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பட்டியலில் தசமபாகம் இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கேள்வி பழையது, நல்ல கேள்வியும்கூட. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதைக் கேட்டதோடு நிற்காமல், அவர் சொல்வது சரிதானா என்று நாள்தோறும் வேத வாக்கியங்களைப் புரட்டிப் பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. அதற்காக அவர்களுக்குப் பாராட்டுத்தான் கிடைத்தது. அப்போஸ்தலனையே சரிபார்க்கலாம் என்றால் பேராயரையும் பாஸ்டரையும் சரிபார்ப்பதில் என்ன குற்றம்? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து பாருங்கள். சி.எஸ்.ஐ. ஆலய மணி, மாதா கோயில் திருப்பலி, லுத்தரன் கீர்த்தனை, தகரக் கூரைக்கு அடியில் ஒலிபெருக்கி வைத்த ஆவிக்குரிய சபை என்று எல்லாம் ஒரே வேளையில் காதில் விழும். ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், நாங்கள் வேதத்தின்படி நடக்கிறோம் என்றே சொல்வார்கள். கத்தோலிக்கர் மட்டும் வேதத்தோடு திருச்சபை மரபையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்கள்.

பேருந்து அடுத்து நின்ற திருமழிசையும் இந்தக் கேள்விக்குப் பொருத்தமான ஊர்தான். திருமழிசை ஆழ்வார் சமணம், பௌத்தம், சைவம் என்று ஒவ்வொன்றிலும் புகுந்து பார்த்த பிறகே திருமாலிடம் வந்து சேர்ந்தார் என்கிறது வைணவ மரபு. அது வரலாறா என்பது வேறு பேச்சு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கிறவன் எங்கே நிற்க வேண்டும் என்பது அந்தக் கதையில் இருக்கிறது. ஆழ்வார் வாசலில் நின்று குறிப்பெடுக்கவில்லை. உள்ளே போய் வாழ்ந்து பார்த்தார்.

தமிழ்நாட்டில் மஞ்சள் தாளின் கேள்வியைக் கடைசி எல்லைவரை கொண்டுபோன ஒருவர் உண்டு. நாசரேத் பக்கத்து அருமைநாயகம். ஊர் அவரைச் சட்டாம்பிள்ளை என்று அழைத்தது. ஆங்கிலிக்கன் மிஷனில் படித்து, அதிலேயே வேலை பார்த்து, மிஷனரி கேமரரோடு மோதிக்கொண்டு வெளியே வந்தவர். 1849இல் மிஷனரி கால்டுவெல் சாணார்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் அந்தச் சமூகத்தைப் புண்படுத்தியது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. 1857இல் வெள்ளைக்காரர் தலைமையோ மிஷன் பணமோ இல்லாத ஒரு தனிச் சபையை அவர் தொடங்கினார். மிஷனரிகள் வேதத்தோடு சேர்த்து ஐரோப்பிய வழக்கத்தையும் இறக்குமதி செய்துவிட்டார்கள், இரண்டையும் பிரித்தெடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சனிக்கிழமை ஓய்வுநாள் ஆயிற்று. பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள் வந்தன. தூபம் வந்தது. தரையில் விழுந்து வணங்குவதும் வந்தது.

இதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மிஷனரியிடம் சம்பளம் வாங்கிய ஒரு கிராமத்து மனிதர், அந்த மிஷனரி கொடுத்த புத்தகத்தையே திறந்து, நீங்கள் சொல்வது இதில் இல்லையே என்று கேட்கிறார். அச்சடித்த வேதம் தமிழன் கையில் கிடைத்ததன் உண்மையான விளைவு இதுதான். மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தபோது, அந்தப் புத்தகம் ஒரு நாள் மிஷனையே கேள்வி கேட்கும் என்று எண்ணியிருப்பாரா?

குறையும் அங்கேயே இருக்கிறது. சட்டாம்பிள்ளை வேதத்தில் கண்டெடுத்தவை தூபமும் சாஷ்டாங்க நமஸ்காரமும். இரண்டும் நம் ஊர்க் கோயில்களில் ஏற்கெனவே இருந்தவை. அதே புத்தகத்தைப் படித்த பெந்தெகொஸ்தேக்காரர் அந்நிய பாஷையைக் கண்டெடுத்தார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் சனிக்கிழமையை எடுத்துக்கொண்டு தூபத்தை விட்டுவிட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் திரித்துவத்தையே தள்ளினார்கள். வேதம் மட்டுமே என்ற ஒரே அளவுகோலால் அளந்தவர்கள் இத்தனை வேறு வேறு நீளம் சொல்கிறார்கள் என்றால், அளக்கிற கையையும் சற்றுப் பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொரு கை யாழ்ப்பாணத்தில் இருந்தது. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாருடன் வேத மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். புத்தகத்தை உள்ளும் புறமும் அறிந்தவர். 1854இல் வெளியிட்ட ‘சைவ தூஷண பரிகாரம்’ நூலில் அந்த அறிவை மிஷனரிகள் மேலேயே திருப்பினார். சைவருடைய கோயில் கிரியைகளை மூடத்தனம் என்கிறீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டில் ஆலயமும் பலியும் தூபமும் தீபமும் நிறைந்து கிடக்கின்றனவே என்று கேட்டார். மூன்று ஆண்டு இடைவெளியில் கிறிஸ்தவத்தை எதிர்த்த ஒருவரும் கிறிஸ்தவத்துக்குள்ளேயே நின்ற ஒருவரும் மிஷனரிகளுக்கு எதிராக அதே பக்கங்களை நீட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்கள் கிறிஸ்துவோடு முடிந்துவிட்டன, எபிரெயர் நிருபத்தைப் படியுங்கள் என்பது மிஷனரிகளின் பதில். பதில் வலுவானதே. ஆனால் பழைய ஏற்பாட்டில் எது முடிந்தது, எது தொடர்கிறது என்று தீர்மானிக்கிற அந்த இடத்தில்தான் ஒவ்வொரு சபையும் தன் வசதியைப் பார்த்துக்கொள்கிறது.

மஞ்சள் தாளின் மிகப் பலவீனமான வரி திரித்துவத்தைப் பற்றியது. அந்தச் சொல் வேதத்தில் இல்லை என்பது உண்மை. பிதாவும் குமாரனும் ஒரே தன்மையுடையவர்கள் என்ற அறிக்கை 325இல் நிசேயா சங்கத்தில் எழுந்தது. 381இல் கான்ஸ்டான்டினோபிளில் விரிவடைந்தது. நம் ஊர்ப் பழைய மொழிபெயர்ப்பை நம்பித் திரித்துவத்துக்காக வாதாடுகிற சபையார் இங்கே ஒரு குழியிலும் விழுகிறார்கள். யோவான் முதல் நிருபம் 5:7இல் பரலோகத்தில் மூவர் சாட்சி சொல்வதாக வருகிற வாக்கியத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வாக்கியம் கிடையாது. இலத்தீன் வழியாக உள்ளே வந்தது. அறிஞர் எராஸ்மஸ் தன் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பில் 1516இலும் 1519இலும் அதைச் சேர்க்கவில்லை, 1522இல்தான் சேர்த்தார். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியத்தில் தேடினால் அந்த வாக்கியம் கிடைக்காது. ஆக, வேதத்தில் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் எந்த வேதத்தில் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்காகக் கோட்பாடு சரிந்துவிடவில்லை. மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில் ஞானஸ்நானக் கட்டளை மூன்று பெயர்களையும் ஒன்றாகச் சொல்கிறது. உயிர்த்த இயேசுவைத் தோமா தேவனே என்று அழைக்கிறார். தேவன் ஒருவரே என்ற யூத நம்பிக்கையையும் விடாமல், இந்தச் சாட்சிகளையும் தள்ளாமல், இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள நடந்த போராட்டத்தின் பெயர்தான் திரித்துவம். சொல் இல்லை என்பதால் பொருளும் இல்லை என்பது அகராதி வாதம். இதைவிடச் சங்கடமான ஒன்று உண்டு. புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்கள் இவை என்று வேதத்தின் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. இன்று நம் கையில் இருக்கும் அதே 27இன் பட்டியல் நமக்கு முதலில் கிடைப்பது 367இல் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் எழுதிய கடிதத்தில். நிசேயாவின் திரித்துவ அறிக்கைக்காக ஊர் ஊராகத் துரத்தப்பட்டவரும் அதே அத்தனாசியுஸ்தான். அவர் ஆதரித்த புத்தகப் பட்டியலை வைத்துக்கொண்டு அவர் ஆதரித்த கோட்பாட்டை மட்டும் மனிதக் கற்பனை என்று தள்ளுகிறவர், எதனால் ஒன்றை ஏற்று மற்றதை மறுக்கிறோம் என்று சொல்லியாக வேண்டும். உத்தரிக்கிற ஸ்தலத்துக்கும் இதே சிக்கல். அதற்குக் கத்தோலிக்கர் காட்டும் மக்கபேயர் இரண்டாம் நூல் அவர்களுடைய 73 புத்தகங்களில் இருக்கிறது. சீர்திருத்தச் சபையாருடைய 66இல் இல்லை.

ஒரு வேடிக்கை சொல்லாமல் போக முடியவில்லை. கத்தோலிக்கக் குருக்கள் மணமுடிக்காததை வேதவிரோதம் என்று ஆவிக்குரிய சபைகளில் இடித்துரைப்பதைக் கேட்டிருக்கிறேன். பேதுருவுக்கே மாமியார் இருந்தாள். மாற்கு முதல் அதிகாரத்தில் காய்ச்சலாய்க் கிடக்கிறாள். கண்காணி ஒரே மனைவியை உடையவனாக இருக்க வேண்டும் என்பது தீமோத்தேயுவுக்குப் பவுல் சொன்ன இலக்கணம். எல்லாம் சரி. ஆனால் 1920களில் இலங்கையில் தோன்றி, இன்று தாம்பரம் இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷனில் வெள்ளை உடுத்த ஊழியர்களும் மணம் செய்துகொள்வதில்லை. ரோமாபுரியும் இரும்புலியூரும் வேறு எதிலும் ஒத்துப்போகமாட்டா. இதில் இரண்டும் கொரிந்தியர் முதல் நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில் போய் நிற்கின்றன.

குழந்தை ஞானஸ்நானத்தில் இரு தரப்புமே வேதம் சொல்வதைவிடக் கூடுதலாகப் பேசுகின்றன. பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் வீட்டார் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்ததா என்று லூக்கா எழுதவில்லை. தெளிப்பா முழுக்கா என்று ஒரு வீட்டுக்குள் அண்ணனும் தம்பியும் பேசாமல் போவதற்கு அந்த மௌனம் போதுமான காரணமா? கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டா இல்லையா என்பதுவரை இந்தச் சண்டை போகிறது. பிரிவுக்கு மாறாக ஒன்றுசேர்ந்த கதையும் உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பேராயர் வேண்டும் என்ற ஆங்கிலிக்கரும், பேராயரே இல்லாமல் வளர்ந்த காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் மரபினரும், மெதடிஸ்டுகளும் ஒரே கூரைக்கு வந்தார்கள். தம்முடையதுதான் வேத ஒழுங்கு என்று தலைமுறைகளாகச் சொல்லி வந்தவர்கள் அவர்கள். அந்தத் திருச்சபையின் நிலத்தகராறுகளையும் தேர்தல் வழக்குகளையும் தாண்டி இதை அவர்கள் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

வேதத்தில் இருக்கிறதா என்ற கேள்வி கூர்மையாக வெட்டுகிற இடம் வேறு. யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரம் சபையில் யாரை எங்கே உட்கார வைப்பது என்று நேராகவே பேசுகிறது: பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் கந்தைக்காரனுக்குக் காலடியும் கொடுக்காதீர்கள் என்கிறது. இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. ஆனால் திருநெல்வேலி வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக இரண்டு கை விரித்துக் கோயில் கட்டினார்கள். நடுவே சுவர் நின்றது. 1910இல்தான் அது இடிபட்டது, அதன் பிறகும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. திரித்துவத்தையும் மாதாவையும் பட்டியலிட்ட மஞ்சள் தாளில் சாதி என்ற சொல்லே இல்லை. பிரதான சபைகளின் ஞானோபதேசப் புத்தகங்களிலும் அது ஒரு கோட்பாட்டுப் பிழையாக எத்தனை இடத்தில் வருகிறது?

இனி தசமபாகம். காணிக்கை உறைகளில் அச்சாகும் வசனம் மல்கியா 3:10. கொண்டுவந்து கொடு, வானத்தின் கதவு திறக்கும் என்பது அதன் சாரம். முழுப் புத்தகத்தைத் திறந்தால் காட்சி மாறுகிறது. எண்ணாகமம் 18இல் தசமபாகம் லேவியருக்குப் போவதற்குக் காரணம், அவர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. உபாகமம் 14இல் கொடுப்பவனே குடும்பத்தோடு தேவ சந்நிதியில் அதைச் சாப்பிடுகிறான். தூரமாக இருந்தால் காசாக்கி எடுத்துப் போய், விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம், திராட்சரசம் உட்பட. இந்த வசனத்தை எந்தப் பாஸ்டரும் உறையில் அச்சிடமாட்டார். மூன்றாம் ஆண்டு தசமபாகம் லேவியனோடு பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் போக வேண்டும். புதிய ஏற்பாட்டிலோ, பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது சதவீதமே சொல்வதில்லை. கட்டாயமாக அல்ல, மனதில் தீர்மானித்தபடி உற்சாகமாகக் கொடுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

சின்னச் சபைகளின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பழைய சபைகளுக்கு மிஷன் காலத்து நிலமும் பள்ளியும் உண்டு. வாடகைக் கொட்டகையில் நடக்கும் சபைக்கு உறைதான் வருமானம். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறவரும், சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறவரும் பெரும்பாலும் அந்தப் பாஸ்டர்தான். அவர் சாப்பிட வேண்டும். தசமபாகத்தை இல்லாத கட்டளையாக்காமல், எங்களுக்கு உங்கள் உதவி தேவை என்று கேட்டாலே சனங்கள் கொடுப்பார்கள். நம் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர்கள்தானே. அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் சேவலும் ஏலம் போவது எந்தக் கோட்பாட்டு நூலிலும் பெரிதாகப் பேசப்படுவதில்லை. என் கணக்கில் உபாகமத்துக்கு உறையைவிட அதுவே பக்கம்.

ஒப்பிட்டுப் பார்க்கிற வழக்கத்தை நான் கைவிடச் சொல்லவில்லை. மஞ்சள் தாளை விநியோகித்தவர் அடுத்த பதிப்பில் தன் சபையின் உறையையும் பட்டியலில் சேர்க்கட்டும் என்கிறேன். திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையிலும் சுற்றுப்புறத்துப் பட்டறைகளிலும் நாள்கூலிக்குப் போகிறவர்கள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். வருகிற ஞாயிறு உங்கள் கைக்கு உறை வரும்போது மல்கியா 3:10ஐத் திறந்து, ஐந்து வசனம் மேலே போய் 3:5ஐப் படியுங்கள். கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைக்கிறவர்களுக்கு எதிரான தீர்ப்பு அங்கே இருக்கிறது.